திண்ணையில் ஓர் ஆங்கில வகுப்பு

"நாமே பிளஸ் டூவோட நின்னுட்டோம். நாலு வரி இங்கிலீஷ் பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்குது. இதுல பிள்ளைங்களுக்கு எங்கே சொல்லித் தர?"

எங்கள் சோழவரத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும் இந்தப் பதில்தான் வரும். உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். ஆங்கிலம் என்றால் கான்வென்டில் படித்தவர்களின் சொத்து என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஐந்து வயது, ஆறு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் தொடங்கி வைக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் விளையாட்டுப் புத்தி, உட்கார ஒரு திண்ணை... இவை இருந்தால் போதும். மூன்று வருடங்களுக்கு மேலாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், சகோதரிகளே!

வேலை வந்த விதம்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காத பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் தமிழக அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லித் தரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும்; மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை; மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் வகுப்பு. என் வீட்டுக்காரர், "சும்மா சீரியல் பார்க்கிற நேரம்தானே, எழுதிப் போடேன்" என்றார். போட்டேன். 2022 பொங்கல் முடிந்ததும் எங்கள் வீட்டுத் திண்ணை பள்ளிக்கூடம் ஆனது.

அதே வருடம் ஜூன் 13 அன்று, எங்களுக்குப் பக்கத்திலேயே புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் ஆட்டம் பாட்டத்தோடு சொல்லித் தரும் திட்டம் அது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். அங்கே ஆசிரியைகள் செய்வதைக் கேட்டுக் கேட்டு நானும் திண்ணையில் செய்து பார்த்தேன். மையம் நின்ற பிறகும் பிள்ளைகள் நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்து ஆனால், "ஆன்ட்டி!" என்று வாசலில் குரல் கேட்டுவிடும்.

தெரிந்த வார்த்தையிலிருந்து தொடங்குங்கள்

நாங்கள் படித்த காலத்தில் மூன்றாம் வகுப்பில்தான் ஏபிசிடி. அதற்கு முன் ஆங்கிலமே தெரியாதா என்றால், தெரியும்! எங்கள் ஊரில் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. பின்னாளில் அதில்தான் பெயர்பெற்ற சோழவரம் கார் ரேஸ் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் பாதை வந்தபிறகு இங்கே சத்தம் ஓய்ந்துவிட்டது. ரேஸ் பார்க்கப் போன எங்கள் பெரியவர்கள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட, 'ஸ்டார்ட்', 'டயர் பஞ்சர்', 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்' எல்லாம் சரளமாகச் சொல்வார்கள்.

இன்றைய பிள்ளைக்கு இன்னும் அதிகம் தெரியும். அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தால் ஷிப்ட், ஓட்டி, கேட் பாஸ், கம்பெனி பஸ். மெயின் ரோட்டில் டோல்கேட், லாரி, கன்டெய்னர். வீட்டில் பேன், லைட், சுவிட்ச், பிரிட்ஜ். முதல் வாரம் நான் எழுத்தே சொல்லித் தரவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டுப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன். 83 வார்த்தைகள் வந்தன! "ஐயோ, இவ்ளோ இங்கிலீஷ் எனக்குத் தெரியுமா?" என்று ஒரு பையன் வாயைப் பிளந்தான். பயம் பாதி அன்றே போயிற்று.

பெயர் வேறு, ஓசை வேறு

தமிழில் எழுத்தின் பெயரிலேயே அதன் ஓசையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அப்படியா? எழுத்துக்குப் பெயர் ஒன்று, ஓசை வேறொன்று. ஒரு குட்டிப்பெண் என்னை மடக்கினாள்: "டபிள்யூன்னு சொல்லிட்டு 'வாட்டர்'னு ஏன் ஆன்ட்டி படிக்கிறீங்க? 'டபிள்யூவாட்டர்'னு தானே வரணும்?" நியாயமான கேள்விதானே!

அதனால் எழுத்தின் பெயரைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, ஓசையை முதலில் பழக்க வேண்டும். ஏ முதல் இசட் வரை வரிசையாக ஓட்ட வேண்டியதில்லை. எஸ், ஏ, டீ, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளின் ஓசை தெரிந்தாலே 'பின்', 'டின்', 'சிட்', 'பேன்', 'டேப்' என்று வார்த்தைகள் வந்துவிடும். பல நாடுகளில் இந்த ஆறில்தான் தொடங்குகிறார்கள். தானே ஒரு வார்த்தையைக் கூட்டிப் படித்த குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அதற்கு ஈடே இல்லை.

நம் நாக்குக்கென்று சில பழக்கங்கள் உண்டு. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்போம். 'மில்க்' என்றால் 'மில்க்கு' என்று ஓர் உகரம் வால் பிடிக்கும். இதற்காகப் பிள்ளையைக் கிண்டல் செய்யாதீர்கள். என் நாத்தனார் மகள் ஜப்பானில் ஒரு மழலையர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறாள். அங்கே பிள்ளைகள் மில்க்கை 'மிருகு' என்கிறார்களாம்! போனில் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த நாட்டிலும் 2011ல்தான் தொடக்கப்பள்ளியின் ஐந்து, ஆறாம் வகுப்புகளுக்கு ஆங்கிலப் பயிற்சி கட்டாயம் ஆனது. 2020 முதல் மூன்றாம் வகுப்பிலேயே தொடங்குகிறார்கள். பாட்டும் விளையாட்டும்தான் முதல் பாடம் என்றாள். ஊர் எதுவானாலும் குழந்தை குழந்தைதான்.

'பென்' என்பதற்கும் 'பால்' என்பதற்கும் தமிழில் ஒரே 'ப' எழுதுகிறோம். வித்தியாசம் காட்ட ஒரு சின்ன உபாயம்: வாய்க்கு எதிரே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து 'பென்' என்று காற்றோடு சொல்லுங்கள், காகிதம் ஆடும். 'பால்' என்றால் ஆடாது. 'ஃபேன்' சொல்ல, மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று செய்யச் சொன்னால் பிள்ளைகளுக்கு இது குரங்கு சேட்டை மாதிரி. பத்தே நிமிடத்தில் பழகிவிடும்.

இன்னொரு வழி, சொன்னதைச் செய்கிற விளையாட்டு. 'ஸ்டாண்ட்', 'சிட்', 'ஜம்ப்', 'டச் யுவர் நோஸ்' என்று நாம் சொல்ல, அவர்கள் செய்ய வேண்டும். பதில் பேச வேண்டியதே இல்லை. ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960களில் இதை ஒரு பாடமுறையாகவே வகுத்தார். காது முதலில், உடம்பு அடுத்து, வாய் கடைசியில். தாய்மொழியும் நமக்கு அப்படித்தானே வந்தது?

பேசாத பிள்ளை

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் செங்கல் சூளைகள் உண்டு. மார்கழி, தை வாக்கில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுப்பார்கள். ஊரிலேயே முன்பணம் வாங்கியிருப்பார்கள். அது கழிகிற வரை வேலை. மழைக்கு முன், ஜூன் மாதத்தில் திரும்பிப் போவார்கள். பெரியவர்கள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து மண் மிதிக்கப் போய்விட, பெரிய பிள்ளைகள் கல்லைப் புரட்டிக் காய வைப்பார்கள், சின்னதுகளைப் பார்த்துக்கொள்வார்கள்.

2025 தொடக்கத்தில் அப்படி வந்த ஒரு பெண் குழந்தையை, எங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியை சூளைக்கே போய்ப் பேசி அழைத்து வந்தார். ஏழு வயது இருக்கும். கையில் மாற்றுச் சான்றிதழ் கிடையாது. ஆனால் 2010 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, சான்றிதழ் இல்லை என்று எந்தத் தொடக்கப்பள்ளியும் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் காலை உணவும் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவள் அம்மா தலையாட்டினாளாம். விடிய விடிய மண் வேலை செய்கிறவள் எந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவாள், சொல்லுங்கள்!

சாயங்காலம் மற்றப் பிள்ளைகளோடு அவளும் என் திண்ணைக்கு வந்தாள், இடுப்பில் பத்து மாதத் தம்பியோடு. வந்தாள், உட்கார்ந்தாள், பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம்... "அது ஊமை ஆன்ட்டி" என்று பிள்ளைகள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள்கூடப் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தில் அது சும்மா இருப்பதில்லை. கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைக்கிறது. "பேசு, பேசு" என்று நெருக்கினால் இன்னும் ஒடுங்கும். ஆனால் வீட்டில் தாய்மொழியிலும் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் தாமதிக்காமல் காதைப் பரிசோதிக்க வேண்டும். பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகிற அரசு மருத்துவக் குழுவிடம் சொல்லலாம், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகலாம். இவளோ தம்பியிடம் மட்டும் ஓயாமல் கிசுகிசு என்று பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு நிம்மதி. காது இருக்கிறது, பேச்சு இருக்கிறது. கதவுதான் திறக்கவில்லை.

ஒரு நாள் படம் காட்டி விலங்குகளின் பெயர் சொல்லிக் கொடுத்தேன். எலிப் படத்தைத் தூக்கி, "மவுஸ்" என்றேன். பின்வரிசையிலிருந்து மெல்லிய குரல்: "மூசா."

எல்லோரும் திரும்பினோம். "மூசா" என்று இன்னொரு தரம் சொன்னாள். ஒடியாவில் எலிக்கு அதுதான் பேராம். எனக்கு உடனே நம் பிள்ளையாரின் மூஷிக வாகனம் நினைவு வந்தது. மூஷிகம், மூசா, மவுஸ்... இந்த மூன்றும் ஒரே பழைய வேரில் பிறந்த சொற்கள்! மொழி ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிற விஷயம்தான். ஆனால் அன்று என் திண்ணையில் அதைச் சொன்னது ஏழு வயதுப் பெண். "பாருங்கடா, இவளுக்கு உங்களைவிட இங்கிலீஷ் கிட்டத்துச் சொந்தம்!" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

முள்ளங்கி நாடகம்

அந்த வருடம் எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டு விழா நடத்த வேண்டும் என்று அரசு சொல்லி, நிதியும் ஒதுக்கியிருந்தது. "சின்ன வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாடகம் போட்டுத் தர முடியுமா அம்மா?" என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். கையில் இருந்தது மூன்று வாரம்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு ரஷ்ய நாட்டுப்புறக் கதை. அந்தக் காலத்தில் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் விற்ற சோவியத் குழந்தைப் புத்தகங்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்த வகைக் கதை. தாத்தா நட்ட கிழங்கு ராட்சசக் கிழங்காய் வளர்ந்துவிடுகிறது. பிடுங்க முடியவில்லை. பாட்டி, பேத்தி, நாய், பூனை என்று ஒருவர் பின் ஒருவராகப் பிடித்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் ஒரு சுண்டெலி வந்து கைகொடுக்க, கிழங்கு வந்துவிடுகிறது! ரஷ்யாவின் டர்னிப்பை நான் நம் முள்ளங்கியாக்கினேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற கதைதான் சரி. தாத்தா "ஹெல்ப் மீ, ப்ளீஸ்" என்பார். வருகிறவர் "ஐ வில் ஹெல்ப்" என்பார். எல்லோரும் "புல், புல், புல்!" என்று இழுப்பார்கள். மொத்த நாடகத்துக்கும் பத்து வாக்கியத்துக்கு மேல் இல்லை. யாராவது வசனம் மறந்தாலும் இழுத்துக்கொண்டிருந்தால் போதும்!

ஜப்பானில் பள்ளிக் கலைவிழாவில் எந்தக் குழந்தையையும் வெளியே உட்கார வைக்காமல், முக்கிய வேஷத்தையே காட்சிக்கு ஒருவராகப் பங்கு போட்டுக் கொடுப்பதுண்டு என்று நாத்தனார் மகள் சொல்லியிருந்தாள். அந்த யோசனை பிடித்துப்போனது. தாத்தாவுக்கு மூன்று பேர், பாட்டிக்கு இரண்டு பேர். மீதிப் பேர் தோட்டத்துச் செடிகள். பின்னால் நின்று "புல், புல்" சொல்ல வேண்டியது அவர்கள்தான். ஆக மொத்தம் 22 பேரும் மேடையில்.

சுண்டெலி யார்? எனக்குச் சந்தேகமே இல்லை. பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் ஒரே குரலில், "மூசா!"

விழாவுக்கு முதல் நாள்

ஒத்திகை நன்றாக நடந்தது. முதல் நாள் சாயங்காலம் அவள் வரவில்லை. சூளைக்குப் போனேன். "நாளைக்குப் பகல்லயும் வேலை இருக்கும்மா. அது தம்பியப் பாத்துக்கணும்" என்றார் மேஸ்திரி. அவள் அம்மா கை முழுக்க மண்ணோடு எழுந்து வந்தாள். அரைகுறைத் தமிழும் இந்தியும் கலந்து அவள் சொன்னது இதுதான்: "அக்கா, ஜூன்ல ஊருக்குப் போயிடுவோம். அங்க இங்கிலீஷ் எதுக்கு? இதுக்கு நாடகம் எதுக்கு?"

என்ன பதில் சொல்ல? அவள் கேட்டதில் தப்பு இல்லை. "இங்கிலீஷுக்காக இல்லம்மா. உன் பொண்ணு இங்க யார்கிட்டயும் பேசாம இருந்தா. இப்போ இருபத்திரண்டு பேரும் அவளுக்காகக் காத்துட்டு இருக்காங்க. அவ வந்து இழுத்தாத்தான் முள்ளங்கி வரும். குழந்தைய நான் வச்சுக்கறேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். அவரும் பிள்ளை பெற்றவர்தானே. "ஒரு மணி நேரம், போயிட்டு வரட்டும்" என்றார்.

மறுநாள் என் மடியில் தம்பி, மேடையில் அக்கா. பழைய சாம்பல் நிற டீசர்ட், அட்டையில் வெட்டிய காது, புடவைக் கரையில் பின்னிய வால். முள்ளங்கி வரவில்லை... வரவில்லை... கூட்டம் முழுக்க "புல், புல்" என்கிறது. அவள் வந்தாள். "ஐ ஆம் எ மவுஸ்" என்றாள். அப்புறம் கூட்டத்தின் கடைசிக்குப் பார்வை போயிற்று. கேட் ஓரமாக, முந்தானையால் கையைத் துடைத்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தாள். "மூசா!" என்று ஒத்திகையில் இல்லாத ஒரு வார்த்தையை உரக்கச் சொல்லிவிட்டுப் பூனையின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். முள்ளங்கியோடு மொத்தப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள்! கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. அந்த அம்மாவுக்கு நாடகத்தில் புரிந்தது அந்த ஒரே வார்த்தைதான். அதற்கு அவள் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

ஜூனில் அவர்கள் ஊருக்குப் போனார்கள். அவள் எத்தனை நாள் வந்தாள், என்ன படித்தாள் என்று தலைமையாசிரியை ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வாலை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாடகம் போட நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ஒத்திகை ஒரு நாளைக்கு அரை மணி போதும். அதற்கு மேல் போனால் ஆறு வயதுக் குழந்தை சிணுங்கத்தான் செய்யும்.

2. வசனத்தைப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்ய விடாதீர்கள். நீங்கள் சொல்லி, கையால் செய்து காட்டுங்கள். உடம்போடு சேர்ந்த வார்த்தை மறக்காது.

3. "கத்திச் சொல்லு" என்றால் தொண்டை கட்டிக்கொள்ளும். "கடைசி வரிசையில இருக்கிற பாட்டிக்குச் சொல்லு" என்றால் குரல் தானாக உயரும். நடுநடுவே காய்ச்சி ஆறிய நீர் கொடுங்கள். விழா அன்று ஐஸ், கலர் பானம் வேண்டாம்.

4. செலவு அதிகம் வேண்டாம். எங்கள் முள்ளங்கி, செங்குன்றம் அரிசி மண்டியில் வாங்கிய வெள்ளைச் சாக்கில் வைக்கோல் அடைத்தது. இலைகள் பழைய பச்சைப் புடவை. ஆக மொத்தம் 340 ரூபாய்தான் ஆயிற்று.

5. மலிவான முகப்பூச்சுகள் பிஞ்சுத் தோலில் அரிப்பு, தடிப்பு உண்டாக்கலாம். இரண்டு நாள் முன்னதாக முழங்கைக்கு உள்பக்கம் சிறிது தடவிப் பாருங்கள். முடிந்ததும் தேங்காய் எண்ணெயால் துடைத்துக் கழுவுங்கள். கண்ணுக்கு அருகே எதுவும் வேண்டாம்.

6. மேடை ஏறும் முன் எல்லோரையும் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். லேசான சிற்றுண்டி போதும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

7. முக்கியமாக, "நல்லாப் பேசுற பிள்ளைதான் மேடைக்கு" என்ற பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். பேசாத பிள்ளைக்குத்தான் மேடை அதிகம் தேவை.

வாசக சகோதரிகளே, உங்கள் தெருவிலும் வேற்று மொழி பேசும் குழந்தை ஒன்று இருக்கலாம். கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளையாக, ஓட்டலில் வேலை செய்பவர் பிள்ளையாக, கம்பெனிக் குடியிருப்பில் இருப்பவர் பிள்ளையாக. அது எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று விசாரியுங்கள். படிக்கவில்லை என்றால் பக்கத்துப் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் உங்கள் திண்ணையில் உட்கார வையுங்கள். அதனிடம் அதன் மொழியில் ஒரு வார்த்தை கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலமும் தமிழும் பின்னாலேயே வந்துவிடும்.